பதினெட்டாவது ஆமென்

நவம்பர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, பாளையங்கோட்டையில் மழை பெய்துகொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது, விட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. தூறல் காற்றிலேயே நின்றிருந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோலத் தொங்கி, பெருத்து, கடைசியில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் உடனே இன்னொன்று திரளத் தொடங்கியது. மாடி வீட்டின் படுக்கையறையில் ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்த ஹெப்சிபா அந்தத் துளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வேதியியல் நடத்துகிறவளுக்குத் துளிகளை எண்ணுவது தொழிலில் பாதி. பியூரெட் என்ற அளவுக் குழாயின் திருகை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுதான் வித்தியாசம், அந்தச் சொட்டு விழுந்த பிறகு குடுவையில் இருப்பது வேறு திரவம், அதை யாராலும் திரும்ப அழைக்க முடியாது என்று எத்தனை வரிசை மாணவிகளுக்குச் சொல்லியிருப்பாள். நிறமற்றுக் கிடந்த தண்ணீர் கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாறும்போது முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு எழும். அவள் கை தானாகத் தலையணைக்கு அடியில் போயிற்று. போன் வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்துப் பார்க்காமலே எண்ணிக்கை தெரியும். கடைசியாகப் பார்த்தபோது பதினான்கு. எடுத்துப் பார்த்தாள். பதினைந்து. பதினைந்து பேர் ஆமென் என்று எழுதியிருந்தார்கள்.

அவர்கள் ஆமென் சொல்லியிருந்தது அவள் எழுதிய ஒரு வரிக்கு. காலை ஆராதனை முடிந்து வீடு வந்து, ஈரச்செருப்பைக் கழற்றிய கையோடு, சேலைகூட மாற்றாமல், பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சபைப் பெண்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்ட வரி: அன்புச் சகோதரிகளே, சகோதரி ரூபாவதியின் குடும்பத்தில் சமாதானம் உண்டாக இந்நாளில் பாரத்தோடு ஜெபிப்போம். அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை. பொய் எங்கே இருக்கிறது என்று அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்பு, அது குழுவில் எல்லோரும் போடுவது. சகோதரி, அதுவும் அப்படியே. பாரத்தோடு, எந்தப் பாரம்? வீடு வரும் வழியெல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது பாரம் அல்ல, ஒரு லேசான துள்ளல், முதலில் தெரிந்துகொண்டவளுக்கு உண்டாகும் துள்ளல். ஆனால் அதுகூட அல்ல. அவளை உறுத்தியது இன்னொரு சொல். உண்டாக. சமாதானம் நிலைத்திருக்க என்று எழுதியிருந்தால் அது வாழ்த்து. யாருடைய பெயருக்குப் பின்னாலும் போடலாம். உண்டாக என்று எழுதியதனால் இப்போது அது அங்கே இல்லை என்றாகிவிட்டது. ஒரு சொல்லுக்குள் ஒரு வீட்டையே கலைத்துவிட்டு, கலைந்த வீட்டுக்காக முழங்காலிடுங்கள் என்று ஐம்பத்தெட்டுப் பெண்களைக் கூப்பிட்டிருக்கிறாள். எழுதிய கால்மணி நேரத்துக்குள் என்றால் திருத்தலாமாம். மூன்று மணி நேரம் ஆகப்போகிறது.

அவளுக்குத் தெரிந்தது என்ன? சிநேகிதி ரூபாவதி இன்று திருவிருந்துக்கு எழுந்திருக்கவில்லை என்பது மட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து பீடத்தின் முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். எழாதவர்களை எழுந்தவர்கள் பார்ப்பார்கள், பார்க்காததுபோல. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அந்த மேஜைக்கு வரக் கூடாது, முதலில் அதைத் தீர்த்துவிட்டு வா என்று பதினாறு வயதில், சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலுக்கு முந்தின வகுப்புகளில், ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் எழாத ஒருத்தி என்றால் அது ஒரு செய்தி. மூன்றாம் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபாவதி முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டாள். ஹெப்சிபாவின் சேலைக் கொசுவம் அவள் கைமேல் உரசிக்கொண்டு போயிற்று. ரூபாவதி நிமிரவில்லை, பாட்டுப் புத்தகத்தின் அட்டையிலிருந்த ஒரு கிழிசலை விரலால் ஒட்டிக்கொண்டிருந்தாள். பீடத்தண்டை முழங்காலிட்டு, திராட்சரசத்தின் தித்திப்பு நாக்கைவிட்டுப் போகுமுன்னே ஹெப்சிபா யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான்: கோயம்புத்தூரில் இருக்கிற ரூபாவதியின் மகள் ஷெரின் வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும்; மருமகனாகத்தான் இருக்க வேண்டும். அந்த நினைப்பின் அவசரத்தில் குடையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் ஜெயசீலன் கேட்டார், குடை எங்கே என்று. அவள் போனில் தட்டிக்கொண்டே, தூறல்தானே என்றாள்.

மணி ஒன்றேகாலுக்கு நவமணி கூப்பிட்டாள். பத்து வருஷத்துக்கு முன்பே மகனோடு புனேவுக்குப் போய்விட்டவள். போனபின் சபையை இன்னும் நெருக்கமாக அறிந்து வைத்திருப்பவள். ஷெரின் மாப்பிள்ளையா என்று நேராகவே கேட்டாள். ஹெப்சிபா இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாது, நானாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, “எனக்குத் தெரியாது நவமணி, நீ ஜெபிச்சுக்கோ.” தெரியாது என்ற சொல்லை எல்லாம் தெரிந்தவர்கள் சொல்லும் தொனி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தணித்து. அந்தத் தொனி தன் தொண்டையிலிருந்து வருவதை அவள் கேட்டாள். மூன்று நிமிடம் கழித்துக் குழுவில் நவமணி எழுதியிருந்தாள்: நானும் கேள்விப்பட்டேன். பாரத்தோடு ஜெபிக்கிறேன். அவள் யாரிடம் கேள்விப்பட்டாள்? ஹெப்சிபாவின் தெரியாது என்ற அந்த ஒரு சொல்லிலிருந்து. அதற்குக் கீழே ஐயரம்மா. போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது அந்தப் பக்கத்துச் சபைகளின் வழக்கம். ஐயரிடம் சொல்லியிருக்கிறேன், நாளை மாலை வீடு சந்திக்கிறோம் என்று ஐயரம்மா எழுதியிருந்தாள். நாளை மாலை ஐந்து மணிக்கு, கறுப்புக் குடையோடு இருவரும் ரூபாவதியின் கதவைத் தட்டுவார்கள். கணவர் காலமாகி ஏழு வருஷமாகத் தனியாக இருக்கும் அந்த வீட்டில், ஒரு நாற்காலியின் மேலிருந்த தையல் துணிகளை அவசரமாக எடுத்துப்போட்டு உட்காரச் சொல்வாள். அவர்கள் குரலைத் தாழ்த்தி, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஆரம்பிப்பார்கள்.

குழுவின் விதிகளை எழுதியவளே ஹெப்சிபாதான். இரண்டு வருஷத்துக்கு முன், காய்ச்சலுக்கு ஏதோ ஒரு வேரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி யாரோ அனுப்பியதை எல்லோரும் அனுப்பத் தொடங்கியபோது, செயலாளர் என்ற முறையில் அவள் உட்கார்ந்து மூன்று விதி எழுதினாள். அரசியல் வேண்டாம். ஆதாரம் இல்லாததைப் பகிர வேண்டாம். காலை வணக்கப் படங்கள் வேண்டாம். நாம் கையில் வைத்திருக்கும் இந்தக் கருவியிலும் நாம் விசுவாசிகளே என்று முடித்திருந்தாள். அந்த வாக்கியத்தை ஐயர் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார், பெயர் சொல்லாமல். பெயர் சொல்லாததனால் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அன்று கழுத்தில் ஏறிய கூச்சம் இப்போதும் நினைவிருந்தது. கண்களை மூடினாள். மின்விசிறியின் சுற்றில் ஒரு தட்டல், மூன்று சுற்றுக்கு ஒரு முறை. தட்டலின் இடைவெளிகளில் கோயில் வந்தது. பெஞ்சுகள் எல்லாம் கண்ணாடிபோல வெளிச்சமாக இருந்தன, உள்ளிருந்து ஒளிர்ந்தன. வெள்ளைச் சேலையில் பெண்கள் வரிசையாக எழுந்து போனார்கள். ஒவ்வொருத்தி உதட்டிலும் ஒரே சொல், சத்தமில்லாமல். பீடத்தின் அந்தப் பக்கம் ஐயர் இல்லை. ஹெப்சிபா நின்றுகொண்டிருந்தாள், கையில் பியூரெட். நீட்டிய உள்ளங்கை ஒவ்வொன்றிலும் அவள் ஒரு சொட்டு விட்டாள்; உள்ளங்கைகள் இளஞ்சிவப்பாயின; அவர்கள் அதைக் கீழே சிந்தாமல் பக்கத்தில் இருப்பவளின் கையில் ஊற்றினார்கள், அவள் அடுத்தவளின் கையில். மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி மட்டும் எழாமல் ஒரு கிழிசலை விரலால் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்ட ஒட்ட அது கிழிந்தது.

மூன்று மணி பத்து. பதினாறு. செய்தியின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் வரும். நாற்பத்தொரு பேர் படித்திருந்தார்கள். ரூபாவதி படித்தவர்களில் இல்லை, செய்தி போய்ச் சேர்ந்தவர்களிலும் இல்லை. ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் அவள் போனில் நெட்டை அணைத்துவிட்டுத் தூங்குவாள், நான்கு மணி அடித்தால் எழுவாள், எழுந்ததும் முதலில் போன், பிறகுதான் காப்பி. இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் ஹெப்சிபாவுக்கு அவள் தூக்கத்தின் நீளம்கூடத் தெரியும். ஆக இன்னும் ஐம்பது நிமிடம் அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு பெண் தன் வீட்டில் சமாதானம் இல்லை என்ற செய்தி தெரியாமல் சமாதானமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அழித்துவிட்டால்? எல்லோருக்கும் அழி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழித்தால் அந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி நிற்கும். அதன் கீழே பதினாறு ஆமென்கள், எதற்கென்று தெரியாமல், ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு. ரூபாவதி எழுந்து பார்ப்பாள். என்னட்டி நீக்கினே என்று கேட்பாள். அப்போது ஒரு பொய் வேண்டியிருக்கும். வேறு குழுவுக்குப் போட வேண்டியது மாறி வந்துவிட்டது, இப்படி ஒன்று. அது எவ்வளவு விரைவில் கிடைத்தது என்பதை அவள் கவனித்தாள். நவமணி எழுதியது நவமணி எழுதியதாகவே நிற்கும். ஐயரும் ஐயரம்மாவும் நாளை மாலை எப்படியும் போவார்கள். ஒன்றை அழிக்க எத்தனையை அழிக்க வேண்டும்.

ஏன் எழவில்லை, அதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று முழங்கையால் ஒரு இடி இடித்திருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று நினைத்தபோது, தூறலுக்கு அப்பால் எங்கேயோ ஒரு ஆட்டோ கிளம்ப மாட்டாமல் கிளம்பி அணைந்தது, அவள் நினைவும் அப்படியே ஒரு இடத்தில் கிளம்பி அணைந்து, மறுபடி கிளம்பியது. கேட்கவில்லை, ஏனென்றால் இன்று காலை அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பெஞ்சில் உட்காரும்போது ரூபாவதி நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான். வழக்கமாக, என்ன டீச்சரம்மா லேட்டு என்பாள், இன்று சொல்லவில்லை. நேற்றும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை? புதன்கிழமைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. புதன்கிழமை. ஹெப்சிபா எழுந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை காலை ரூபாவதி குழுவில் ஒரு வசனம் போட்டிருந்தாள், ஷெரினுக்கு இது ஏழாவது மாதம், எல்லோரும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி. சங்கீத வசனத்தின் அதிகார எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தாள். நூற்றிருபத்தொன்றுக்குப் பதில் நூற்றிரண்டு. ஹெப்சிபா அதற்குக் கீழே எழுதினாள்: நூற்றிருபத்தொன்று அல்லவா? சரிபார்த்துப் போடவும். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. ஆறு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அந்த ஆறையும் அவள் எண்ணினாள். பேரப்பிள்ளைக்காக ஒருத்தி கை நீட்டி நிற்கும்போது அவள் கையிலிருந்த எழுத்தைத் திருத்தி மதிப்பெண் போட்டாள், அதுவும் தனியாகச் சொல்லாமல், ஐம்பத்தெட்டுப் பேர் வகுப்பில். ரூபாவதி பதில் எழுதவில்லை. வசனத்தையும் திருத்தவில்லை.

அப்படியென்றால் கோயம்புத்தூரில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் இன்று காலை அந்தப் பெஞ்சில் ஒருத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்மேல் மனத்தாங்கல் இருப்பதால், சொல்லிக்கொடுத்ததை அப்படியே மதித்து எழாமல் இருந்தாள். மனத்தாங்கலைக் கொடுத்தவளோ அவள் முழங்காலைத் தாண்டிப்போய்க் கை நீட்டி வாங்கிக்கொண்டு, வாய் இனிக்க வீட்டுக்கு வந்து, அவளுக்காக ஜெபிக்கும்படி ஊரைக் கூப்பிட்டிருக்கிறாள். இதுவும் ஊகம்தானே என்று உள்ளே ஒரு குரல் உடனே எழுந்தது. மெல்லிய, படித்த குரல், அவளுடையதுதான். ஆதாரம் இல்லாததைப் பகிர வேண்டாம். ஆமாம், இதுவும் ஊகம். ஆனால் இந்த ஊகத்தில் குற்றவாளி தானே என்றதும் எவ்வளவு கவனமாக ஆதாரம் கேட்கத் தோன்றுகிறது. மூன்று இருபத்தைந்து. தொட்டியின் விளிம்பில் துளி பெருத்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.

அழகாக எழுதினாள். எழுதுவது அவளுக்கு எப்போதும் வரும். நாவின் ஒரு சிறு பொறி எப்பேர்ப்பட்ட காட்டைக் கொளுத்திவிடுகிறது என்று தொடங்கி, விரல்நுனியும் இந்நாளில் நாவே என்று போய், என் பெருமையை உங்கள் முன் நொறுக்குகிறேன் என்று முடித்தாள். பதினைந்து வரி. எழுதும்போதே கண் கலங்கியது, கலங்கியது இதமாக இருந்தது. ஹாலுக்குப் போனாள். ஜெயசீலன் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளை மார்பின்மேல் போட்டுக்கொண்டு விழித்திருந்தார். மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு தூங்குவதைவிடத் தூங்குவதுபோல் இருப்பதே அவருக்குப் பிடித்திருந்தது. நடந்ததை நான்கு வாக்கியத்தில் சொன்னாள். பிறகு எழுதியதைப் படித்துக் காட்டினாள். அவர் கேட்டு முடித்துச் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“நல்லா இருக்கு, பிரசங்கம் மாதிரி,” என்றார். “இதைப் படிச்சா எல்லாருக்கும் உம்மேல மரியாதை கூடும்.”

அவர் குத்திச் சொல்கிறவர் அல்ல. சொல்லிவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கூடும். கூடத்தான் செய்யும். இதன் கீழே வரப்போகும் பதில்கள் அவளுக்கு இப்போதே தெரிந்தன: எவ்வளவு தாழ்மை சகோதரி, எங்களுக்கும் பாடம் சகோதரி. ஐயர் அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாமல் எடுத்துச் சொல்வார். ரூபாவதி மறுபடியும் பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இந்தத் தாழ்மை அவளைத் தாண்டிப் போகட்டும் என்று. காலையில் அவள் வீட்டை எடுத்துத் தன் கரிசனத்துக்குப் பயன்படுத்திக்கொண்டாள். இப்போது அவள் காயத்தை எடுத்துத் தன் மனந்திரும்புதலுக்கு. பதினைந்து வரியையும் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னோக்கி அழித்தாள். சமையலறையில் ஜெயசீலன் இஞ்சி தட்டும் சத்தம். அழுதுவிட்டிருந்தால் நன்றாயிருக்கும், ஆனால் இப்போது கண் வறண்டு, எல்லாம் மிகத் தெளிவாக, வகுப்பறைக் கரும்பலகைபோல இருந்தது. மூன்று ஐம்பத்தொன்றுக்கு அவள் எழுதினாள்: காலையில் ரூபாவதி குடும்பத்தைப் பற்றி நான் போட்டது எனக்குத் தெரிந்தது அல்ல. நானாக ஊகித்தது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அவளிடம் கேட்கவில்லை. நவமணிக்கும் நான் உண்மை சொல்லவில்லை. தப்பு என்னுடையது. ஐயரம்மா, நாளை அவள் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. இதற்கு யாரும் ஆமென் போட வேண்டாம். படித்துப் பார்த்தாள். ஓரிடத்தில்கூட அழகு இல்லை. விரலை வைத்தாள். விழுந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. காலையில் போட்ட வரிக்கு இதற்குள் பதினேழாவது ஆமென் வந்திருந்தது. இந்த வரிக்கு எதுவும் வரவில்லை. ஒன்பது பேர் படித்தார்கள், பதினான்கு பேர், இருபத்திரண்டு பேர். யாரும் ஒரு கட்டைவிரல்கூட உயர்த்தவில்லை. பாராட்டு இல்லாத இடம் எவ்வளவு பெரியது என்று அவள் முன்பு அறிந்ததில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு கோயிலுக்குள் தனியாக நிற்பதுபோல் இருந்தது. டீ வந்தது. ஆறியது. தெற்கே மணிக்கூண்டு நான்கு அடித்ததோ, அடித்ததாக அவள் நினைத்துக்கொண்டாளோ. இரண்டு தெரு தள்ளி ஒரு கை தலைமாட்டில் துழாவுகிறது. நான்கு இரண்டு. செய்தி போய்ச் சேர்ந்தவர்களில் ரூபாவதி. நான்கு மூன்று. படித்தவர்களில் ரூபாவதி. அப்போது அவள் பயந்தது கோபத்துக்கு அல்ல. பரவாயில்லை சகோதரி என்று ஒரு வரி வந்துவிடுமோ என்றுதான். அந்தச் சகோதரி என்ற சொல்லோடு இருபத்தாறு வருஷச் சிநேகம் முடிந்துவிடும். திரையின் மேல் விளிம்பில் ரூபாவதி எழுதுகிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. நான்கு ஒன்பதுக்கு, யாரும் போட வேண்டாம் என்று அவள் எழுதியிருந்ததற்கு நேர் கீழே, ஒரே ஒரு சொல்: ஆமென்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

“ஏட்டி, ஆமென் போடக் கூடாதுன்னு சட்டம் போட நீ யாரு?”

“பாத்துட்டியா ரூபா.”

“தூங்கி எந்திரிச்சுப் பாத்தா பதினேழு பேரு என் வீட்டுக்குச் சமாதானம் அனுப்பி வச்சிருக்காங்க. இறக்கி வைக்க இடமில்ல.”

சிரிப்பா என்று ஹெப்சிபா உற்றுக் கேட்டாள். சிரிப்பு இல்லை. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. அவள் கேட்டாள், காலையில் பெஞ்சில் கேட்டிருக்க வேண்டியதை, ஐந்து மணி நேரம் தாமதமாக.

“இன்னைக்கு நீ ஏன் எந்திரிச்சு வரல?”

ரூபாவதியின் குரல் சாதாரணமாக, ஏறக்குறைய மென்மையாக இருந்தது.

“முட்டுவலின்னு சொன்னா நம்புவியா?”

“நம்புவேன்.”

“அப்ப முட்டுவலின்னே வச்சுக்கோ.” கொஞ்சம் பொறுத்து, “அந்த நம்பரு நூத்தி இருபத்தொண்ணுதான். நீ சொன்ன அன்னைக்கே எடுத்துப் பாத்துட்டேன்,” என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வானம் வெளிறி, சுத்தமாக வெறித்திருந்தது. நவமணி புனேவிலிருந்து, நானும் கேள்விப்பட்டேன் என்று எழுதியதை யாருக்கும் சொல்லாமல் நீக்கினாள். நீக்கிவிட்டு, ஆறு மணிக்கு விதியை மீறி ஒரு சூரியோதயப் படம் அனுப்பினாள். ஐயரம்மா வீடு சந்திக்கும் பட்டியலை எடுத்து ரூபாவதியின் பெயரை அடித்தாள். சற்று யோசித்து, அதன் மேலேயே ஹெப்சிபாவின் பெயரை எழுதினாள். ஜெயசீலன் பால் வாங்கப் போய்விட்டு, கீழே வாசலில் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அடுப்படியில் பள்ளிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்த ஹெப்சிபாவுக்கு முதலில் கேட்டது இரும்புக் கைப்பிடியில் ஒரு குடையின் நுனி தட்டும் சத்தம், அவளுடைய குடை. மாடிக்கு இருபத்தொரு படி. அவள் கரண்டியை வைத்துவிட்டு எண்ணினாள். ஐந்து, பத்து, பதினைந்து. எங்கேயும் நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, இருபது, இருபத்தொன்று. ரூபாவதி குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, என்ன டீச்சரம்மா, இன்னும் கிளம்பலையா என்று கேட்டாள். ஹெப்சிபா இன்னொரு தம்ளர் எடுத்து வைத்தாள். முழங்காலைப் பற்றி இருவரும் பேசவில்லை.